மெட்ஃபார்மினுக்கு அடுத்து எந்த மருந்து? பக்கவிளைவையும் விளம்பரத்தையும் ஒருசேர வைத்து ஓர் ஒப்பீடு

பல்லடத்தில் ஒரு மருந்துக் கடையின் மேசைக்குப் பின்னால் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கிறேன். முன்பெல்லாம் சர்க்கரை நோயாளிகள் சீட்டை நீட்டி, "டாக்டர் எழுதுனதைக் குடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது சீட்டோடு கைப்பேசியையும் நீட்டுகிறார்கள். சென்ற கோடையில் விசைத்தறி ஓட்டும் ஐம்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் தம் மனைவியோடு வந்து, "ஏனுங்ண்ணா, ரெண்டாவதா ஒரு மாத்திரை சேத்தோணும்னு டாக்டர் சொல்லீட்டாருங்க. விலை கம்மியானது வேணுமா, புதுசு வேணுமான்னு கேக்கறாரு. நாங்க என்னத்தைக் கண்டோம்?" என்றார். அமெரிக்காவிலிருக்கும் மகன் அனுப்பிய ஊசி விளம்பரம் ஒன்றும், காலை நேரத் தொலைக்காட்சியில் வந்த மூலிகைப் பொடி விளம்பரத்தின் படம் ஒன்றும் அவர் கைப்பேசியில் இருந்தன. கணவன், மனைவி இருவருக்கும் சர்க்கரை. மனைவிக்குக் கூடுதலாக இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருந்தது.

சர்க்கரைக்கு வழக்கமாக முதலில் எழுதப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் போதாமல், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 7 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும் பலரும் இதே இடத்தில்தான் திகைக்கிறார்கள். முடிவை எழுத வேண்டியவர் மருத்துவர். ஆனால் எந்தத் தொல்லையோடு காலம் தள்ள முடியும், எதோடு முடியாது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவர் நோயாளி. அதற்கான ஒப்பீடு இது.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து. இரண்டாவது, உடல் எடைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த மருந்து ஆண்டுக்கணக்கில் என்ன செய்கிறது என்பது. மூன்றாவது, உங்கள் வேலையும் சாப்பாட்டு நேரமும். தறிக்குடோனில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் ஒரே மருந்து ஒரே மாதிரி அமைவதில்லை. நான்காவது, மாதச் செலவு. அட்டையில் அச்சிட்ட விலை அதில் ஒரு பகுதி மட்டுமே.

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்: அந்த மருந்தைப் பற்றி உங்களுக்குச் சொன்னது யார், அவர் எதைச் சொல்லாமல் விட்டார்? நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், தன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது; நீரிழிவும் அந்த அட்டவணையில் உண்டு. இதனால் கம்பெனி மாத்திரைகளின் விளம்பரம் நம் கண்ணுக்கு நேரே வருவதில்லை. மருத்துவர் அறைக்குப் பையோடு போகும் ரெப் (கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி) வழியாகவும், மண்டபங்களில் நடக்கும் இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம் வழியாகவும், கடைக்காரனுக்குத் தரப்படும் "பத்துக்கு ஒன்று இலவசம்" வழியாகவும் அது சுற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சலுகையை நானும் வாங்கியிருக்கிறேன். ஆகவே கடைக்காரன் ஒரு பிராண்டை அழுத்திச் சொன்னாலும் கொஞ்சம் யோசியுங்கள்.

மருந்துக் கம்பெனிகளுக்காக மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட சந்தைப்படுத்தல் நெறிமுறை, "பாதுகாப்பானது" என்ற சொல்லைத் தகுந்த விளக்கமின்றிப் பயன்படுத்தக் கூடாது என்றும், ஒரு மருந்துக்குப் பக்கவிளைவே இல்லை என்று அறுதியிட்டுச் சொல்லக் கூடாது என்றும் கூறுகிறது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படிக்கலாம்.

கையில் ஏற்கெனவே இருப்பது: மெட்ஃபார்மின்

1957இல் பிரான்சில் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த மருந்து இது. காப்புரிமை எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டதால் இதற்காகப் பேச ரெப் யாரும் மெனக்கெடுவதில்லை. வயிற்றுப்போக்கு, குமட்டல், வாயில் உலோகச் சுவை ஆகியவை தொடக்கத்தில் வரும். சாப்பாட்டோடு எடுத்தாலோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறினாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். மறைந்திருக்கும் செலவு பி12 வைட்டமின் குறைபாடு. பல ஆண்டுகள் எடுத்தவர்களுக்குப் பாதம் மரத்துப்போனால் அதைச் சர்க்கரையின் நரம்புக் கோளாறு என்றே எல்லாரும் எண்ணிவிடுகிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக் கூடியதை மாதக்கணக்கில் சுமக்கிறார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (இஜிஎஃப்ஆர்) 30க்குக் கீழே போனால் இதை நிறுத்த வேண்டும். மற்றபடி, அடுத்த மருந்து வந்தாலும் இது பெரும்பாலும் உடன் தொடரும்.

முதல் வழி: கிளிமெபிரைடு வகை

கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. விலை மிகக் குறைவு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். சர்க்கரையை வேகமாகவும் நன்றாகவும் இறக்கும். சிக்கல் என்னவென்றால், சாப்பிட்டோமா இல்லையா என்று இவை பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்த எங்கள் குழுவில் என் சித்தப்பாவும் இருந்தார். விரதம் என்று காலையில் வெறும் காப்பியோடு கிளம்பியவர், மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருந்தார். தாராபுரம் சாலையில் வெயில் ஏறிய நேரத்தில் அவர் பேச்சு குழறியது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. "சித்தப்பா, உக்காருங்க" என்றால் கோபித்துக்கொண்டு வேகமாக நடந்தார். களைப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பையிலிருந்த கருவியில் பார்த்தபோது 48 காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். அன்னதானப் பந்தலில் இருந்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, பிறகு சோறு போட்டோம். இந்த வகை மாத்திரையின் வேகம் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரோடு தீர்வதில்லை, சில மணி நேரம் கழித்துச் சர்க்கரை மறுபடியும் சரியலாம் என்பதால், அன்று அவரை நடக்க விடாமல் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

அவர் சீட்டில் கிளிமெபிரைடு என்ற பெயரே இல்லை. எழுதியிருந்தது ஒரு பிராண்டுப் பெயரும் அதன் வாலில் ஓர் எழுத்தும்தான். "நான் ஒரே மாத்திரைதான் சாப்பிடுகிறேன்" என்பவர்களின் மாத்திரைக்குள் இரண்டு மருந்தோ மூன்று மருந்தோ இருப்பது இங்கே சர்வ சாதாரணம். அட்டையின் பின்புறம், பிராண்டுப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது அந்தப் பகுதி போய்விட்டிருந்தால் கடைக்காரரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

2019இல் வெளியான கரோலினா ஆய்வு, ஆறாயிரம் பேரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, கிளிமெபிரைடையும் லினாகிளிப்டினையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவற்றில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தாழ்சர்க்கரை வந்தவர்கள் கிளிமெபிரைடு பக்கம் 37.7 சதவீதம், லினாகிளிப்டின் பக்கம் 10.6 சதவீதம். எடை வேறுபாடு ஒன்றரைக் கிலோ. பழைய மாத்திரை இதயத்தைக் கெடுக்கும் என்று சொல்லிப் புதியதை விற்றவர்களுக்கும், பழையதில் ஒரு குறையும் இல்லை என்றவர்களுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொன்ன ஆய்வு இது.

நேரத்துக்குச் சாப்பிடுபவர், கையில் காசு குறைவானவர், வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர் ஆகியோருக்கு இது இன்றும் நல்ல தேர்வு. அந்தக் கருவிக்கான பட்டைகளின் விலையை மாதச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தனியாக வாழும் முதியவர், சிறுநீரகம் தளர்ந்தவர், லாரி ஓட்டுநர், நோன்பும் விரதமும் இருப்பவர் ஆகியோருக்கு ஏற்றதல்ல. கிளிபென்கிளமைடை அறுபது வயதுக்கு மேல் தவிர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்.

இரண்டாம் வழி: கிளிப்டின்கள்

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், லினாகிளிப்டின் ஆகியவை இந்த வகை. சர்க்கரையை மிதமாகவே இறக்கும். தனியாகவோ மெட்ஃபார்மினோடோ எடுத்தால் தாழ்சர்க்கரை அரிது. எடை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. கடுமையான மூட்டுவலி வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் எச்சரித்தது. நம் ஊரில் ஐம்பதைத் தாண்டிய எவருக்கும் முழங்கால் வலி உண்டு என்பதால் அதை மாத்திரையோடு முடிச்சுப்போட்டுப் பார்ப்பவர் குறைவு. மிக அரிதாகக் கணைய அழற்சியும் தோலில் கொப்புளமும் வரலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் சாக்சாகிளிப்டினைத் தவிர்க்க வேண்டும். லினாகிளிப்டினுக்குச் சிறுநீரகத்தைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

விலையைப் பொறுத்தவரை காலம் மாறிவிட்டது. வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 டிசம்பரிலும் சிட்டாகிளிப்டினுடையது 2022 ஜூலையிலும் முடிந்தன. மக்கள் மருந்தகத்தில் 50 மில்லிகிராம் சிட்டாகிளிப்டின் பத்து மாத்திரை 60 ரூபாய்க்கு வந்தது அதன் பிறகுதான். அதே உப்பை, அதாவது அதே மூல மருந்தை, பெரிய பெட்டியோடு கூடுதல் விலைக்கு விற்கும் பிராண்டுகளும் என் அலமாரியில் இருக்கின்றன. பெட்டிக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை.

மூன்றாம் வழி: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்

இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. நாளொன்றுக்கு ஏறத்தாழ அறுபது, எழுபது கிராம் வெளியேறும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில் ஒரு பெரிய கைப்பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை இரண்டு மூன்று கிலோ குறையும், ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கும்.

இந்த வகையின் விளம்பரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசினுக்கான வழவழப்புத் தாளில் கொட்டை எழுத்தில் நிற்பது "38 சதவீதம்". 2015இல் வந்த எம்பா-ரெக் ஆய்வில் இதயச் சாவு அந்த அளவுக்குக் குறைந்தது உண்மைதான். ஆனால் அது ஒப்பீட்டுக் கணக்கு. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 5.9 பேரும் மருந்து எடுத்தவர்களில் 3.7 பேரும் இறந்தார்கள். அதாவது நூறு பேரில் இரண்டு உயிர். அதே ஆய்வில் பெண்களுக்குப் பிறப்புறுப்புத் தொற்று வந்தது மருந்தில்லாத பக்கம் 2.6 சதவீதம், மருந்துப் பக்கம் 10 சதவீதம். நன்மையை ஒப்பீட்டுக் கணக்கிலும் தீமையை வெறும் சதவீதத்திலும் எழுதினால் தராசு ஒருபுறம் சாயத்தான் செய்யும். இரண்டையும் நூறு பேர் கணக்கில் வைத்துப் பார்த்தாலும், இதய நோயாளிக்கு இது சிறந்த மருந்தென்பதே என் எண்ணம். இரண்டு உயிர் சிறியதல்ல. ஆனால் அந்த ஆய்வில் இருந்த அனைவருமே ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள். அந்தக் குறை இல்லாத ஒருவருக்கு அதே எண்ணைக் காட்டி விற்பது சரியல்ல.

பெண்களிடம் அரிப்பைப் பற்றி முன்கூட்டியே சொல்லாவிட்டால், அவர்கள் கூச்சத்தில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் கழிப்பறைக்குப் போக ஆளும் நேரமும் கிடைக்காத வேலையில் இருப்பவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். ஈரோடு, கரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் இந்த மாத்திரையோடு அப்படி இருந்தால் நீர்வறட்சியும் தலைசுற்றலும் எளிதில் வரலாம். வாந்தி பேதி வந்த நாளில் மருத்துவரிடம் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். பேலியோ போன்ற மாவுச்சத்தில்லாத உணவுமுறையில் இருப்பவர்கள் அதைச் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடங்கவே கூடாது. ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலம் கூடிப்போகும் ஆபத்து இதில் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். இந்த மாத்திரை எடுப்பவரின் சிறுநீரில் சர்க்கரை எப்போதும் காட்டும் என்பதால், முகாமில் சிறுநீரைப் பார்த்துச் சொல்லும் முடிவுக்கு எந்தப் பொருளும் இல்லை.

டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இலும் எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்தன. மாத்திரை ஒன்று அறுபது ரூபாயாக இருந்தது, பல கம்பெனிகளில் பதினைந்து ரூபாய்க்குள் வந்துவிட்டது. பழைய பிராண்டே சீட்டில் தொடர்ந்தால், மலிவானதை எழுத முடியுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நான்காம் வழி: வார ஊசி

செமாகுளுடைடு, டிர்செபடைடு ஆகியவை. பசியைக் குறைத்து எடையையும் சர்க்கரையையும் நன்றாக இறக்குபவை. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி ஆகியவை பக்கவிளைவுகள். கண்ணில் ஏற்கெனவே சர்க்கரைப் பாதிப்பு உள்ளவர்கள் முதலில் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். செமாகுளுடைடு ஆய்வு ஒன்றில் விழித்திரைச் சிக்கல் 3 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத பக்கம் 1.8 சதவீதம் பேருக்கும் வந்தது. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடாது.

டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். மாதத்துக்கு நான்கு குப்பிகள். தறித் தொழிலாளியின் மாதக் கூலியோடு போட்டி போடும் தொகை. செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக்கு முடிவு 2026 மார்ச் என்பதால், அதிலிருந்து அந்தப் பக்கம் விலை இறங்க வழியுண்டு. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதையும், எடையோடு தசையும் கரைவதால் பருப்பு, முட்டை, உடற்பயிற்சி தேவை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்தத் தறிக்காரரின் மகன் அனுப்பிய ஊசி விளம்பரத்தை நானும் பார்த்தேன். மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்தைப் பொதுமக்களிடம் இப்படி விளம்பரம் செய்ய அமெரிக்காவும் நியூசிலாந்தும் அனுமதிக்கின்றன. குடும்பம் ஒன்று சிரித்தபடி படகு விட்டுக்கொண்டிருக்க, ஒரு குரல் முக்கிய ஆபத்துகளை விடாமல் வாசிக்கிறது. வாசித்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். தந்தை பயந்துபோனது அந்தப் பட்டியலைக் கேட்டுத்தான். பொடி விளம்பரத்தில் அப்படி ஒன்றும் இல்லாததால் அது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

ஐந்தாம் வழி என்று சொல்லப்படுவது: "பக்கவிளைவே இல்லாத" பொடி

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. ஆவாரம்பூவையோ வெந்தயத்தையோ நான் பழிக்கவில்லை. சர்க்கரை போட்ட டீக்குப் பதிலாக ஆவாரம்பூத் தண்ணீர் குடித்தால் அந்தச் சர்க்கரையாவது மிச்சம். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சற்று நேரம் இனிப்பே தெரியாது என்பதும் உண்மை. ஆனால் நாக்கில் இனிப்பு தெரியாமல் போவதும் ரத்தத்தில் சர்க்கரை குறைவதும் வேறு வேறு.

அந்தத் தறிக்காரர் வாங்கி வைத்திருந்த பொடி டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் மூலிகைப் படம். பின்பக்கம் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் உணவுப் பொருளுக்கான உரிம எண். எந்த மூலிகை எத்தனை கிராம் என்பது இல்லை. உள்ளே விளக்கத் தாளும் இல்லை. பக்கவிளைவு இல்லை என்று சொல்வதற்கு முதலில் யாராவது தேடிப் பார்த்திருக்க வேண்டுமே! அமெரிக்க விளம்பரத்தின் நீண்ட பட்டியல், ஆயிரக்கணக்கானோரைக் கவனித்து எழுதிவைத்ததால் வந்தது.

இதில் மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, பொடியை நம்பி மெட்ஃபார்மினை நிறுத்துவது. மற்றொன்று கலப்படம். சர்க்கரைக்கான சீன மூலிகை மருந்துகள் சிலவற்றில் கிளிபென்கிளமைடு கலந்திருப்பதாக அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000இல் எச்சரித்தது. சிங்கப்பூரில் 2008இன் முதல் ஐந்து மாதங்களில், கிளிபென்கிளமைடு கலந்த சட்டவிரோத ஆண்மை மாத்திரைகளால் 150 பேர் தாழ்சர்க்கரையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். மூலிகைப் பொடி இரண்டே நாளில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். தவறான விளம்பரங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பிறகு 2024இல் பதஞ்சலி நிறுவனம் நாளிதழ்களில் பகிரங்க மன்னிப்பு வெளியிட்டதையும் பலர் படித்திருப்பார்கள். சித்த மருத்துவம் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போய், எடுக்கும் மாத்திரைகளையும் காட்டிக் கேட்கலாம்.

ஒரே பார்வையில்

| | தாழ்சர்க்கரை | எடை | கவனிக்க வேண்டிய தொல்லை | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| கிளிமெபிரைடு வகை | அதிகம் | ஏறும் | நடுக்கம், வியர்வை, குழப்பம் | குளுக்கோமீட்டர் பட்டை | நேரத்துக்கு உண்பவர், செலவு தாங்காதவர் |
| கிளிப்டின் | குறைவு | மாறாது | மூட்டுவலி | பிராண்டு விலை வேறுபாடு | முதியவர், ஷிஃப்ட் வேலைக்காரர் |
| டாபா, எம்பா | குறைவு | குறையும் | தொற்று, நீர்வறட்சி, கீட்டோன் | களிம்பு, சுகாதார ஏற்பாடு | இதய, சிறுநீரக நோயாளி |
| வார ஊசி | குறைவு | நன்கு குறையும் | குமட்டல், பித்தப்பை, கண் | குளிர்பதனம், நிறுத்த முடியாமை | உடல் பருமன் மிக்கவர் |
| பொடி | தெரியாது | தெரியாது | எழுதப்படவில்லை | நிறுத்திய மாத்திரையின் விளைவு | மாற்றாக யாருக்கும் இல்லை |

இன்சுலினும் பயோகிளிட்டசோனும் இதில் இல்லை. இன்சுலின் தேவைப்படும் நிலையில் மாத்திரை ஒப்பீட்டுக்கே இடமில்லை. பயோகிளிட்டசோனை இந்திய அரசு 2013 ஜூனில் நிறுத்திவைத்து, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது; கால்வீக்கமும் இதயச் செயலிழப்பும் எலும்பு முறிவும் அதன் ஆபத்துகளில் சில.

ஒரே வீட்டில் இரண்டு விடை

மருத்துவரிடம் அந்தத் தறிக்காரரும் மனைவியும் மறுபடி போனபோது இரண்டு பேருக்கும் வேறு வேறு மருந்து வந்தது. மனைவிக்கு ஸ்டென்ட் இருப்பதால் எம்பாகிளிஃப்ளோசின். அரிப்பு பற்றி என் மனைவி அவரைத் தனியே உட்கார வைத்துச் சொன்னாள். கணவருக்கு இதயக் கோளாறு இல்லை, ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும், சாப்பாடு நேரத்துக்கு இல்லை. ஆகவே சிட்டாகிளிப்டின், மலிவு வகையில்.

ஏழு வாரம் கழித்து அவர் நொண்டிக்கொண்டு வந்தார். "நீங்க சொன்ன மூட்டுவலி இதுதானுங்களா, இல்ல தறியில நின்ன வலியா?" என்றார். எனக்கும் தெரியவில்லை. மருத்துவர் மாத்திரையை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நாடெங்கும் இயங்குகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பக்கவிளைவைப் பதிவு செய்யலாம். படிவத்தை நானே அவரோடு உட்கார்ந்து நிரப்பினேன்: மருந்தின் பெயர், தொகுதி எண், தொடங்கிய நாள், வலி வந்த நாள். விளைவு எப்படி முடிந்தது என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.